வெள்ளைப் பட்டு போட்டுப் பார்த்த தண்ணீர்த் தொட்டி

அன்று பட்டறையில் நான் இருந்தேன், அண்ணன் இருந்தான். வண்டிக்கு ஆர்டர் கொடுத்திருந்த மேடம் சென்னையிலிருந்து வந்திருந்தார். அவர் இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. மேடத்தின் கணவர் வரவில்லை, ஏதோ மீட்டிங் என்றார். அம்மா வரவில்லை. காரியம் முடிந்துவிட்டாலும் கொஞ்ச நாள் வெளியே தலை காட்டக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா இல்லை. அந்த வண்டியைக் கட்டித் தருவதாக ஒத்துக்கொண்டவர் அவர்தான். ஒரு சாயங்காலம் டீ குடித்துவிட்டு, மார்பு ஒரு மாதிரி இருக்கிறது என்று படுத்தார். எழுந்திருக்கவில்லை.

எங்கள் பட்டறை வாலாஜாபாத் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. டிராக்டருக்கு டிரெய்லர் கட்டுவதும், உடைந்த டிரெய்லருக்கு ஒட்டுப் போடுவதும்தான் அங்கே நடக்கிற வேலை. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வந்த மேடம், வாசலில் வரிசையாக நின்ற டிரெய்லர்களைப் பார்த்து ஜீப்பை நிறுத்தியிருக்கிறார். ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்ன வண்டி வேண்டும். உள்ளே இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் படுக்க வேண்டும். பின்பக்கக் கதவைத் தூக்கினால் அடுப்படி. எங்கேயாவது மலையடிவாரத்தில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, மறுநாள் வேறு இடம். போனில் படம் காட்டியிருக்கிறார். அப்பா பார்த்துவிட்டு, "டிரெய்லர்ல நெல்லு மூட்ட தூங்குது. இதுல ஆளுங்க தூங்கப்போறாங்க. அவ்ளோதானேம்மா" என்று சொல்லிவிட்டார்.

வண்டி முக்கால்வாசி முடிந்திருந்தது. மீதி இருந்ததில் முக்கியமானது குடிதண்ணீர்த் தொட்டி. அதையும் அப்பா செய்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

அந்தத் தொட்டி மூலையில் ஒரு ஈரிழைத் துண்டு போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. துண்டைப் போர்த்தியது அண்ணன். அதற்குப் பக்கத்தில் அவன் வெல்டிங் பொறி பறக்க விடவில்லை. அப்பா கடைசியாகப் பற்றவைத்தது அது. தட்டையான எவர்சில்வர் பெட்டி, இரண்டு குடத்துக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். மேலே ஒரு வாய், கீழே ஒரு குழாய். மூட்டுகளில் வெல்டிங் ஒரே சீராக ஓடியிருந்தது. அண்ணனுக்கு அந்த மாதிரி வராது, எனக்குச் சுத்தமாக வராது.

தகடு எங்கிருந்து வந்தது என்பதை அப்பா யாரிடமும் மறைக்கவில்லை. திருப்பருத்திக்குன்றம் பக்கம் ஒரு சாயப்பட்டறையை மூடிவிட்டார்கள். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிற எவர்சில்வர் தொட்டிகளை எடைக்குப் போட்டார்கள். நல்ல கனமான தகடு. ஒன்றை வாங்கி வந்து, தேய்த்துத் தேய்த்துக் கழுவி, வெட்டி, மடக்கி, இந்தப் பெட்டியாகப் பண்ணினார். பிறகு அதைச் சோதித்துப் பார்த்தார்.

அந்தச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் நெசவுக்காரர்கள் இல்லை. ஆனால் தெருவில் பாதிப் பேர் நெசவு, அம்மா ஒரு தறி முதலாளிக்காக வீட்டில் பட்டு நூல் சுற்றித் தருகிறாள். வெள்ளைப் பட்டின் குணம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் அரைத்த கையால் தொட்டால் பிடித்துக்கொள்ளும். வெற்றிலை போட்ட விரலைக் காட்டிக்கொடுத்துவிடும். அம்மா நூலில் உட்காரும் முன் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவுவாள். அதனால் ஒரு பாத்திரத்தில் சாயம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், எங்கள் ஊர்க்காரர்களுக்கு லேப் ஞாபகம் வராது, பட்டுதான் ஞாபகம் வரும். அப்பா அம்மாவிடம் ஒரு சிட்டம், அதாவது ஒரு சுற்றுக் கற்றை, வெள்ளை நூல் கேட்டு வாங்கி, தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, ராத்திரி முழுக்க ஊறப்போட்டார். காலையில் கம்பியால் இழுத்து எடுத்தார். போட்ட மாதிரியே வெள்ளையாக வந்தது. மேடத்துக்கு வீடியோ காலில் காட்டினார்.

"அங்கிள் காமிச்சாரு தம்பி, அந்த ஒயிட் சில்க். அத நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன்" என்றார் மேடம். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் அண்ணனைப் பார்த்தார். அண்ணனுக்கு மொட்டையில் முடி அப்போதுதான் குத்திக் குத்தி முளைத்திருந்தது. அவன் துண்டை எடுத்தான்.

குழந்தை இடுப்பிலிருந்து இறங்கி நேராகக் குழாய்க்குப் போய் வாயை வைத்தது. மேடம் சிரித்துக்கொண்டே இழுத்தார். "இவளுக்கு இதுல இருந்துதான் பால் பவுடர் கலக்கணும். பதினஞ்சு நாள் ட்ரிப். வழியில எங்க என்ன தண்ணி கெடைக்கும்னு தெரியாது இல்ல? மெயினா அதுக்குத்தான் இந்த டேங்க்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க இன்ஜினியர்னு அங்கிள் பத்து தடவையாவது சொல்லியிருப்பாரு. நீங்களும் ஒரு வாட்டி ஓகே சொல்லிடுங்க தம்பி. வெள்ளிக்கிழம வந்து எடுத்துக்கறேன்."

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பிரிவில் வேலை. வருகிற பாகத்தை அளந்து பார்த்து, சரியென்றால் பச்சை அட்டை, இல்லையென்றால் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். லீவு முடிந்தும் நான் போகாமல் இருந்தேன். போக வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. காலையில் எழுந்தால் பட்டறைக்கு வந்துவிடுவேன், அவ்வளவுதான்.

ஓகே என்று சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். நான் தொட்டியின் வாயில் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரை போயிற்று. விரல் நுனியில் ஏதோ ஒரு விளிம்பு தட்டியது. அதற்கு மேல் போகவில்லை.

"ரெண்டு நாள் டைம் குடுங்க மேடம். பாத்துட்டு போன் பண்றேன்."

ஜீப் போனதும் அண்ணன் துண்டை மறுபடியும் போர்த்தினான்.

"இன்னாடா ரெண்டு நாளு?"

"பாத்துட்டு சொல்றேண்ணா."

"நைனா பாத்தாச்சு. பட்டு போட்டு பாத்தாச்சு. நீ இன்னா புதுசா பாக்கப்போற?" வீட்டில் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"உள்ள கை போவல."

"தண்ணி தொட்டிக்குள்ள உனக்கு இன்னாத்துக்குடா கை போவணும்? எறங்கி குளிக்கப்போறியா?"

"கை போனாத்தானே தேய்ச்சு கழுவ முடியும். அவங்க நாள்கணக்குல அந்தத் தண்ணிய வெச்சிருப்பாங்க."

"கம்பெனில கட்டற செவப்பு அட்டைய இங்க கட்டாத. சொல்லிட்டேன்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் ஏதாவது சொல்ல வந்திருக்கும். அப்பா போனதிலிருந்து அண்ணன் நன்றாக அழுதுவிட்டிருந்தான். சுடுகாட்டில், வீட்டில், பட்டறையில் அப்பாவின் வெல்டிங் முகமூடியைக் கையில் எடுத்தபோது என்று எல்லா இடத்திலும். நான் அழவில்லை. வந்தவர்கள் அதைக் கவனித்தார்கள். படிச்ச பையன், மனசுக்குள்ளயே வெச்சுக்கறான் என்று ஒரு அத்தை சொன்னாள். மனசுக்குள் வைத்துக்கொள்ள என்னிடம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. கால் மரத்துப்போனால் மிதிக்கும்போது தரை இருக்கிறது என்று தெரியும், தரை தெரியாது. அப்படித்தான் இருந்தது.

தொட்டியைப் பற்றி மட்டும் யோசிக்க முடிந்தது.

அப்பா செய்த சோதனையில் ஒரு விஷயம் எனக்கு இடித்தது. பச்சைத் தண்ணீரில் பட்டு சாயம் பிடிக்காது. அதுவும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாயக்காரர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சாயத்தோடு கொஞ்சம் புளிப்பு, அதாவது ஆசிட், விட்டால்தான் நூல் நிறத்தை இழுக்கும். அப்பா போட்டது குழாய்த் தண்ணீர், அதுவும் ராத்திரி. அந்தத் தொட்டி இருக்கப்போவதோ வண்டியின் முன்பக்கம், கொக்கிக்குப் பின்னால், மேலே நிழல் இல்லாமல். பங்குனி வெயிலில் எங்கள் வீட்டு மாடிக் குழாயைத் திறந்தால் முதலில் வருகிற தண்ணீரில் கை வைக்க முடியாது. இரண்டாவது, நம்ம பக்கத்து உப்புத் தண்ணீர் நின்றால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதை எடுக்க எல்லோரும் எலுமிச்சம்பழம்தான் போடுவார்கள். மேடமும் ஒருநாள் போடுவார். சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது சாயத்தொட்டிதான்.

மறுநாள் காலை வீட்டுக்குள் அம்மாவிடம் போனேன். ராட்டையின் முன் உட்கார்ந்திருந்தாள். வேலை செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"ஒரு சிட்டம் வெள்ள நூலு வேணும்மா."

"எதுக்கு?"

"தொட்டிக்கு."

"உங்க நைனா ஒண்ணு எடுத்துக்கினு போயி பாத்தாரே."

"தெரியும். இன்னொண்ணு."

அவள் என்னைப் பார்த்தாள். ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். "மொதலாளி எட போட்டு குடுத்தது. எட போட்டுத்தான் திருப்பித் தரணும். பாத்துக்க" என்று மட்டும் சொல்லி எடுத்துக் கொடுத்தாள். "சாப்டியா?"

"சாப்ட்டேன்." சாப்பிட்டேனா என்று இப்போதும் தெரியவில்லை.

சிட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு பாதியை உள்ளே இறக்கினேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் குடத்தில் அதே தண்ணீர், அதே பழம், மறு பாதி. தண்ணீராலோ பழத்தாலோ நிறம் மாறினால் இரண்டிலும் மாற வேண்டும். தொட்டியால் மாறினால் தொட்டியில் மட்டும். இரண்டையும் வாசலில் வெயிலில் வைத்தேன்.

அண்ணன் டிரெய்லருக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தான். "இன்னாடா, ஊறுகா போடறியா?"

"ஆமா. வெள்ளிக்கிழம மேடம் வந்தா தயிர்சாதத்துக்கு ஆவும்."

அவன் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டான். நானும்தான். அப்பா இருந்தால் சிரித்திருப்பார்.

அன்று முழுக்க அது வெயிலில் கிடந்தது. நான் வண்டிக்கு ஜன்னல் கம்பி அறுத்தேன். கம்பெனியிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. மதியம் தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கையை வைத்திருக்க முடியவில்லை.

வெயில் இறங்கியதும் கம்பியால் நூலை இழுத்தேன். முதலில் குடத்திலிருந்து: வெள்ளை. பிறகு தொட்டியிலிருந்து. ஈரத்தில் சரியாகத் தெரியவில்லை. பிழிந்து உதறி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தேன். தொட்டி நூல் வெள்ளை இல்லை. ரோஸ் என்றும் சொல்ல முடியாது. நகத்துக்கு அடியில் தெரிகிற நிறம்.

அண்ணன் வந்து இரண்டையும் வாங்கிக்கொண்டு ரோட்டோரம் வெளிச்சத்துக்குப் போனான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எலுமிச்சம்பழத்துல வந்திருக்கும்."

"அப்ப குடத்துல?"

"குடம் வேற எவர்சில்வர்டா."

"இருக்கலாம்."

"யாருடா தண்ணி டேங்க்குல எலுமிச்சம்பழம் புழியறான்? குடிக்கிற தண்ணிய யாராவது வெந்நீராவா வெச்சிருப்பான்? நீயா ஒண்ணு பண்ணிட்டு, நீயா மார்க்கு போட்டுக்கற."

"உப்பு படிஞ்சா புழிவாங்கண்ணா. நம்ம அம்மாவே புழியும். வெயில்ல எவ்ளோ சூடாச்சின்னு நீயே தொட்டுப் பாரு."

அவன் தொட்டுப் பார்க்கவில்லை. என் கையில் நூலைத் திணித்துவிட்டு உள்ளே போய் கிரைண்டரை எடுத்துவந்தான். வெட்டுகிற சக்கரம் மாட்டினான். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தரையில் நிறுத்தினான்.

"தொறந்து பாக்கலாம். உள்ள ஒண்ணும் இல்லன்னா நானே திருப்பி பத்தவெப்பேன். நைனா மாதிரி வராது. ஆனா பத்தவெப்பேன்."

அப்பா போட்ட வெல்டிங்கின் மேலேயே சக்கரத்தை வைத்தான். நான் தடுக்கவில்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். பொறி என் கால் பக்கம் பறந்தது. சத்தம் போடுகிற தகடாக இருந்தது, காது அடைத்துப்போயிற்று. நாலு பக்கமும் வெட்டி மூடியைத் தூக்கினான்.

உள்ளே பளபளவென்று இருந்தது. அவ்வளவு தேய்த்திருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். அந்த ஒரு கணம் அவன் முகத்தில் இருந்த நிம்மதி இன்னும் எனக்குத் தெரிகிறது. நான் என் விரலில் தட்டிய விளிம்பைத் தேடினேன். பழைய சாயத்தொட்டியின் வாயோரம் தகட்டை உள்பக்கமாக மடித்திருந்தார்கள். கனத் தகடு, மடிப்பை விரிக்கப் போனால் விரிசல் விடும். அப்பா அந்த மடிப்பை அப்படியே விட்டு, அதையே புதுப் பெட்டியின் ஒரு பக்கமாக வைத்துப் பற்றவைத்திருந்தார். மடிப்பின் சந்தில் பிரஷ் போகாது, கண்ணும் போகாது.

அண்ணன் திருப்புளியை விட்டு மடிப்பை நெம்பினான். கொஞ்சம் திறந்தது. உள்ளே, மடிப்பு நெடுக, பென்சில் கோடு தடிமனுக்கு, காய்ந்துபோன கருஞ்சிவப்பு. எலுமிச்சம்பழத் தண்ணீரின் மிச்சம் பட்ட இடத்தில் அது கரைந்து சொட்டாக இறங்கியது.

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நைனாக்கு தெரிஞ்சிருக்காதுடா" என்றான்.

"தெரிஞ்சிருக்காதுண்ணா."

"தெரிஞ்சா வெச்சிருக்க மாட்டாரு."

"மாட்டாரு."

நான் துடைப்பம் எடுத்து இரும்புத் தூளைக் கூட்டினேன். கூட்டின இடத்தையே மறுபடியும் கூட்டிக்கொண்டிருந்ததை அண்ணன் சொல்லித்தான் கவனித்தேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நூலைக் கொடுத்தேன். மறைத்து வைக்கத்தான் நினைத்தேன், ஆனால் எடை போட்டுக் கொடுக்க வேண்டிய நூல். அவள் இரண்டு பாதியையும் மடியில் வைத்து நீவினாள். சாயம் பட்ட பாதியை விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"ராணி கலரு" என்றாள், பட்டில் ஏற்றுகிற அடர் ரோஸைச் சொல்லி. "நல்லா ஏத்தியிருந்தா ராணி கலரு வந்திருக்கும்."

நான் குடத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

"உங்க நைனா பச்சத் தண்ணியில தானே போட்டாரு?"

"ஆமாம்மா."

"பச்சத் தண்ணியில பட்டு புடிக்காதுன்னு அவருக்கு தெரியாம இல்ல. என்ன கட்டிக்கினு இந்தத் தெருவுக்கு வந்து எத்தன வருசம். தெரியும்." நூலை மடித்து ஓரமாக வைத்தாள். "குடிக்கிற தண்ணி தானே, குடிக்கிற மாதிரியே வெச்சு பாப்போம்னு பாத்திருப்பாரு." ராட்டைப் பக்கம் திரும்பி, "அந்தக் கொழந்தைக்கு வேற வாங்கி வெச்சிடுங்க" என்றாள். ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

மேடத்துக்கு நான்தான் போன் பண்ணினேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன், கம்பெனியில் ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரி. 

"எங்க இருந்து எடுத்ததுன்னு அங்கிள் என்கிட்ட மொதல்லயே சொல்லிட்டாரு தம்பி. நான்தான் ஓகே சொன்னேன்" என்றார் மேடம். "வேற டேங்க் வாங்குங்க. எவ்ளோ ஆகுதோ நான் குடுத்துடறேன்."

பக்கத்தில் நின்ற அண்ணன் போனைப் பிடுங்கினான். "அதெல்லாம் வேணாம் மேடம். டேங்க்கோட சேத்துத்தான் நைனா ரேட்டு பேசினாரு. பேசினது பேசினதுதான்." போனைத் திருப்பித் தந்துவிட்டு வெளியே போய்விட்டான்.

எதை வாங்குவது என்பதில் எங்களுக்குள் ஒரு நாள் போயிற்று. அண்ணன் முதலில் ரோட்டில் விற்கிற நீல டிரம் சொன்னான். அது முன்னே எதைச் சுமந்து வந்தது என்று விற்கிறவனுக்கே தெரியாது என்றேன். கேன் தண்ணீர் இரண்டைக் கட்டிவைக்கலாம் என்றான். வளைவில் போகும்போது உருண்டால் குழந்தை மேல் விழும் என்றேன். செம்பில் செய்யலாம், கோயிலிலேயே தீர்த்தம் செம்புப் பாத்திரத்தில்தான் தருகிறார்கள் என்றான். கோயிலில் அதைத் தினம் புளி போட்டுத் தேய்க்க ஒரு ஆள் இருக்கிறார், மேடம் ஊர் சுற்றப் போகிறவர் என்றேன்.

"எத சொன்னாலும் ஒண்ணு சொல்ற. நீ பேசாம அந்தக் கம்பெனிக்கே போ."

"போறேன். டேங்க் வாங்கி குடுத்துட்டு போறேன்."

சென்னையில் பாரிமுனைக்கு இரண்டு பேரும் போனோம். பிளாஸ்டிக் சாமான் மொத்தக்கடைகள் இருக்கிற சந்து. முதல் இரண்டு கடையில் என் கேள்விகளைக் கேட்டதும் வேறு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார்கள். மூன்றாவது கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "குடிக்கவா, மீன் வளக்கவா, அத சொல்லுங்க மொதல்ல" என்றார்.

"குடிக்க. கொழந்த குடிக்க."

அவர் பரணிலிருந்து ஒன்றை இறக்கச் சொன்னார். சாம்பல் நிறத்தில் தட்டையான தொட்டி. அடியில் கோப்பையும் முள்கரண்டியும் அச்சாகியிருந்தன. உணவுப் பொருள் வைக்கலாம் என்பதற்கான அடையாளம் அது. சுவர் கனம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், உள்ளே வெளிச்சம் தெரியவில்லை. வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும். வாய் அகலம், முழங்கை தாண்டிக் கை போயிற்று. நாலு மூலையையும் தடவினேன். மடிப்பு எதுவும் இல்லை, எல்லாம் உருண்டையாக வழவழவென்று இருந்தது. நடுவில் ஒரு தடுப்பு, பிரேக் அடித்தால் தண்ணீர் மொத்தமாக முன்னால் பாயாது. அடிமட்டத்தில் வடிகால். மேலே காற்றுப் போக வலை வைத்த சின்னத் துளை.

"நீ எவ்ளோ நேரம்பா உள்ள கைய வெச்சிருப்ப?" என்றார் கடைக்காரர். "உள்ள எதாவது வெச்சிட்டு மறந்துட்டியா?"

"அவன் அப்படித்தாங்க" என்றான் அண்ணன். "டியூப் ஒண்ணும் குடுங்க. அதையும் மோந்து பாப்பான்."

மோந்து பார்த்தேன். தோட்டத்துக்கு விடுகிற பச்சை டியூபில் வெயில் பட்டால் ரப்பர் நாற்றம் வரும், தண்ணீரிலும் இறங்கும். அதை ஒதுக்கிவிட்டுக் குடிதண்ணீருக்கென்று இருக்கிற வெள்ளை டியூபை வாங்கினோம். பஸ்ஸில் ஏற்ற விடவில்லை, லோடு வண்டியில் போட்டு அனுப்பினோம்.

தொட்டியை மாட்டுவதற்கு முன் வெந்நீர் விட்டுக் கழுவிக் கொட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் அதில் மறுபடியும் தண்ணீர் விட்டு வெயிலில் இழுத்து வைத்திருந்தான் அண்ணன். தரையில் பிழிந்த எலுமிச்சை மூடிகள் கிடந்தன. சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் வெள்ளை நூலை எடுத்தான், குடத்தில் போட்டிருந்த பாதியிலிருந்து அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தது.

"நான் கேக்கவே இல்லையே" என்றேன்.

"நீ கேட்டாத்தான் செய்யணுமா?" என்றான். நூலைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டான்.

சாயங்காலம் அது வெள்ளையாக வந்தது. இரண்டு பேரும் ரோட்டோரம் வெளிச்சத்தில் நின்று பார்த்தோம். அவன் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் பிடித்து, முதல் டம்ளரைக் குடித்தான். இரண்டாவதை என்னிடம் தந்தான். தண்ணீர் தண்ணீர் மாதிரி இருந்தது.

புதுத் தொட்டியை அப்பா குறித்திருந்த இடத்தில் மாட்டவில்லை. உள்ளே, படுக்கைக்கு அடியில், சக்கர அச்சுக்கு நேர் மேலே வைத்தோம். வெயில் படாது. பாரம் கொக்கியை அழுத்தவும் செய்யாது, தூக்கவும் செய்யாது. தெரிந்தவரின் ஜீப்பை இரவல் வாங்கி, தொட்டி நிறையத் தண்ணீரோடு தென்னேரி ஏரிக்கரை வரை இழுத்துப் போய்த் திரும்பினோம். சொட்டு ஒழுகவில்லை. கரையில் நிறுத்தி அடுப்படிக் கதவைத் தூக்கிப் பார்த்தோம். இரண்டு பேரும் அதன் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அப்பா இதில் ஒருமுறை படுத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னதாக அண்ணன் சொன்னான். நான் உள்ளே ஏறிப் படுத்துப் பார்த்தேன். கூரை நெருக்கமாக இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மேடமும் கணவரும் வந்தார்கள். அண்ணன் படுக்கையைத் தூக்கித் தொட்டியைக் காட்டினான். எப்படிக் கழுவ வேண்டும், எப்போது தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் கணவர் போனில் பதிவு செய்துகொண்டார். மேடம் குழாயைத் திறந்து, பால் டம்ளரில் தண்ணீர் பிடித்து, குழந்தையிடம் கொடுத்தார். அது பாதி குடித்து, பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டது. மேடம் அதைத் துடைத்துவிட்டுக் குழந்தையோடு ஜீப்பில் ஏறினார். வண்டி வாலாஜாபாத் பக்கம் திரும்பி மறைந்தது.

அப்பாவின் தொட்டியைக் காயலான் கடைக்குப் போட அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. வெட்டின விளிம்பை மழுங்கத் தேய்த்து, பட்டறை நடுவில் வைத்துத் தண்ணீர் நிரப்பினான். சுடச்சுட இருக்கும் இரும்பை ஆறவைக்க இப்போது அதில்தான் முக்குகிறான். இரும்பு உள்ளே போகும்போது தண்ணீர் கொதித்து, கொஞ்ச நாள் வரை லேசாக ராணி நிறம் இறங்கியதாம். அதைப் பார்க்க நான் இல்லை. அடுத்த திங்கட்கிழமை கம்பெனிக்குப் போய்விட்டேன். லீவுக்குக் காரணம் கேட்டார்கள், சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

போகும் முன் ராத்திரிச் சாப்பாட்டில் எங்கள் கையிலிருந்து போன கணக்கை அண்ணன் சொன்னான். தொட்டி, டியூப், குழாய், லோடு வண்டி, அம்மா முதலாளிக்கு ஈடுகட்ட வேண்டியிருந்த அந்த ஒரு சிட்டம் பட்டு நூல், எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.